குறைந்தது மூன்று

பல்கலைக்கழகக் கணிதத் துறையில் அவருக்கு வாத்தியார் என்று பெயர். பதினோரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, முப்பத்தைந்து வயதில் ஆராய்ச்சி செய்யக் கிளம்பி வந்த மனிதரை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? வழிகாட்டியாக வாய்த்த மேடம் அவரைவிட நான்கு வயது இளையவர். முதல் நாள் இருவருமே எழுந்து நின்றுகொண்டு, யார் முதலில் உட்காருவது என்று தெரியாமல் விழித்தார்கள்.

ஆராய்ச்சி முடிச்சுகளைப் பற்றி. ஷூ லேஸ் முடிச்சு அல்ல. இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கிவிட்ட கயிறு. அதில் சிக்கல் இருந்தால் ஓரிடத்தில் வெட்டி, மேலே போகும் இழையைக் கீழே போகவிட்டு, திரும்ப ஒட்டலாம். இப்படி எத்தனை மாற்றம் செய்தால் சிக்கலில்லாத வெறும் வளையம் கிடைக்கும்? கேட்கும்போது சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரிதான் இருக்கும். தலையைக் கொடுத்தவர்களுக்குத்தான் வலி தெரியும். வாத்தியார் முடிவே இல்லாத ஒரு முடிச்சுக் குடும்பத்தை உண்டாக்கி, அதில் எந்த முடிச்சுக்கும் குறைந்தது மூன்று மாற்றம் வேண்டும், இரண்டில் அவிழவே அவிழாது என்று நிரூபித்திருந்தார். ஆறு வருட உழைப்பு அந்த ஒரு வரிதான். மூன்று வாரத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு முறை கெடு நீட்டிக் கொடுத்தாயிற்று, இனிமேல் கிடையாது என்று அலுவலகம் எழுத்திலேயே சொல்லிவிட்டது.

அன்று காலை மிச்சமிருந்தது படங்களைச் சுத்தமாக வரையும் வேலை மட்டும். அடிப்படை முடிச்சில் இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எல்லோரையும் போல அவரும் அதை முடிச்சு அட்டவணையிலிருந்து எடுத்திருந்தார். நான்கு, இரண்டு. கூட்டினால் ஆறு. அந்த எண்ணில் பாதிக்குக் குறைந்த மாற்றங்களில் முடிச்சை அவிழ்க்க முடியாது என்பது விதி. ஆகவே மூன்று. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது துண்டை அட்டவணைப் படத்தோடு ஒப்பிட்டவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். இடம் வலமாக இருந்தது.

இரண்டாம் வருடம், துண்டுகள் எதிரெதிரே நின்றால் பார்க்க லட்சணமாக இருக்குமே என்று, கணினியில் ஒரு பொத்தானைத் தட்டி அதைப் புரட்டிப் போட்டது அவர்தான். சுழற்றியிருந்தால் ஒன்றுமில்லை. புரட்டினால் அது கண்ணாடிப் பிம்பம், வேறு முடிச்சு. அட்டவணையில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரிதான் இருக்கும். பிம்பம் என்றால் எண்ணின் குறியை மாற்றிக்கொள்ள வேண்டியது படிக்கிறவர் பாடு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வாத்தியாரே படித்துப் படித்துச் சொன்ன விஷயம் இது. நான்கில் இரண்டு போனால் இரண்டு. பாதி, ஒன்று.

குறைந்தது ஒரு மாற்றம் வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? முடிச்சு ஒரு முடிச்சு என்று அர்த்தம். அதைச் சொல்ல ஆறு வருடமா?

பேசாமல் இருந்துவிடலாமா என்று அரை மணி நேரம் யோசித்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இதே தேற்றம் கட்டுரையாக வந்து, முகம் தெரியாத இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொண்டதுதான். பிறகு எழுந்து மேடம் அறைக்குப் போனார்.

மேடம் தாளை எடுத்து வரைந்தார். கசக்கிப் போட்டுவிட்டு மறுபடி வரைந்தார். முகம் வெளுத்துவிட்டது.

“நான்தானே சார் செக் பண்ணேன். கணக்கை வரிவரியாப் பாத்தேன். படத்தை யார் பாத்தா?”

“தப்பு என்னோடது மேடம்.”

“படத்தைத் திருப்பிப் போட்டுட்டா மூணு வந்துடும்ல?”

“வரும். ஆனா அப்படி வர்ற குடும்பம் இருபது வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்சது. புதுசுன்னு சொல்லிக்க நம்மகிட்ட இருந்தது இது ஒண்ணுதான்.”

மேடம் கசக்கிப் போட்ட தாளை எடுத்து நீவிவிட்டார். “நிரூபணம்தானே போச்சு? விடை தப்புன்னு யாரும் சொல்லலையே. வேற வழியில மூணுன்னு காட்டுங்க. மூணு வாரம் இருக்கு.”

இந்த நப்பாசை இருக்கிறதே, அது மனிதனைச் சும்மா விடாது. வாத்தியார் தெரிந்த வழி, தெரியாத வழி எல்லாவற்றிலும் முட்டிப் பார்த்தார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் விரலால் கோடு போட்டார். ஒவ்வொரு வழியும் ஒன்று என்றது, கொஞ்சம் இரக்கப்பட்டு இரண்டு என்றது. மூன்று என்று ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. பதினேழாம் நாள் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது, குடும்பத்தின் ஆகச் சிறிய முடிச்சில் ஒரு இழை தானாக நழுவுவது போல மனதில் ஓடியது. பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

மனைவி ஸ்கேன் சென்டர் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். ஆறு வருடமாக அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், “கயிறு திரிக்கிறார்” என்று சிரிக்காமல் சொல்லுவாள்.

அவர் பால்கனிக் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, நைலான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார். தரையில் முடிச்சைப் போட்டு, முனைகளை டேப் ஒட்டி இணைத்தார்.

“இந்த இடத்தைப் பிடிச்சுக்கோ. விட்டுடாத.”

ஓரிடத்தில் வெட்டினார், இழையை மாற்றினார், ஒட்டினார். இன்னோரிடத்தில் வெட்டினார், மாற்றினார், ஒட்டினார். பிறகு இரண்டு பேரும் மெல்ல இழுத்தார்கள். இவ்வளவு சிக்கலும் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அவர்கள் நடுவில் ஒரு வெறும் வளையம் தொங்கியது.

“அவிழ்ந்துடுச்சுங்க!” அவள் கயிற்றை விடாமலே துள்ளினாள். கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. “ரெண்டே வெட்டுல அவிழ்த்துட்டீங்களே! நான் அம்மாவுக்குப் போன் பண்ணட்டா? முடிஞ்சதுன்னு சொல்லிடட்டா?”

அவர் தன் பக்கத்துக் கயிற்றை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்ததைப் பார்த்து அவள் சிரிப்பு மெதுவாக அடங்கியது.

“என்னங்க?”

“இது ரெண்டு வெட்டுல அவிழவே அவிழாதுன்னுதான் நான் இவ்வளவு வருஷமா எழுதி வச்சிருக்கேன்.”

அவள் கையிலிருந்த வளையத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“நம்ம ரெண்டு பேருதானே பாத்தோம். திரும்பக் கட்டிட முடியாதாங்க?”