சீஃப் வந்து தலையசைக்கும் வரை

டாக்டர் யதுநந்தன் குழந்தைகள் தீவிர சிகிச்சையில் பெரிய ஆராய்ச்சியாளர். வென்டிலேட்டரில் கிடக்கும் குழந்தையை எவ்வளவு சீக்கிரம் அதிலிருந்து விடுவிக்கலாம் என்பதுதான் அவருடைய வாழ்நாள் விஷயம். இதை விளக்க அவர் போகாத ஊரில்லை. போன ஊரிலெல்லாம் சால்வை போர்த்தினார்கள். விஜயநகர் வீட்டில் சால்வைகளுக்கென்றே ஒரு பீரோ இருக்கிறது. மைசூர்க் குளிருக்குக்கூட அதிலிருந்து ஒன்றை உருவக் கூடாதென்று மனைவி பத்மாஸினிக்கு உத்தரவு.

வார்டிலும் ஓர் உத்தரவு உண்டு. குழந்தை தானாக மூச்சு விடுகிறதென்று எல்லாச் சோதனையும் சொன்னாலும், சீஃப் யதுநந்தன் நேரில் வந்து பார்த்துத் தலையசைக்காமல் தொண்டைக் குழாயை எடுக்கக் கூடாது. சீஃப் ஊரில் இருந்தால் சங்கடமில்லை. குழாயைச் சீக்கிரம் எடுப்பது பற்றிப் பேச அவர் வெளியூர் போகும்போதுதான் குழாய் எடுக்கத் தாமதமாகும்.

வார்டின் இளம் டாக்டர் அஷ்வினி சொல்லிப் பார்த்தாள். "சார், நீங்க இல்லாதப்போ டியூட்டி டாக்டரே முடிவு பண்ணலாமே?"

"டேட்டா இருக்கா?"

சேகரித்தாள். கட்டுரையாக எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். "முடிவு உங்களுக்குப் பிடிக்காது சார். ஒரு தடவை படிச்சுடுங்க ப்ளீஸ்."

"என் பேர் முதல்ல இருக்கோன்னோ?"

"இருக்கு சார்."

"அப்புறம் பிடிக்காம என்ன?" என்று கையெழுத்துப் போட்டார்.

கட்டுரை பெரிய பத்திரிகையில் வந்தது. டாக்டர்கள் சங்கம் மைசூரிலேயே பாராட்டு விழா வைத்தது.

விழா நாள் காலையில், மார்டள்ளி கிராமத்திலிருந்து நிமோனியாவோடு வந்திருந்த காவேரி என்ற சிறுமி எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டாள். இனி அந்தக் குழாய் தொண்டையில் இருக்க இருக்க, புதுக் கிருமிக்குத்தான் வழி. அஷ்வினி போன் செய்தாள்.

"மேடைக்குக் கிளம்பிண்டிருக்கேன். விழா முடிஞ்சு வரேன். அதுவரை தொடாதே!"

காவேரியின் அம்மா சரசு பக்கத்திலேயே நின்றிருந்தாள். "ஏனுங் டாக்டரம்மா, புள்ள தானா மூச்சு உடுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்பறம் அந்தக் கொழாய் எதுக்குங்க?"

"சீஃப் வந்து பாக்கணும்மா."

"பாக்கி மூச்சை அவரு வந்து உடுவாருங்களா?"

அஷ்வினி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கட்டிலைப் பார்த்தாள்.

மண்டபத்தில் யதுநந்தனுக்கு மாலை, சால்வை, தலையில் மைசூர்ப் பேட்டா என்ற ஜரிகைத் தலைப்பாகை. அஷ்வினி தயாரித்த ஸ்லைடுகளை முதல்முறையாக, கூட்டத்தோடு சேர்ந்து, அவரும் பார்த்தார். வரைபடத்தில் ஒரு கோடு அங்கங்கே மலையாக எழும்பியிருந்தது.

முன்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் வேங்கடேசன் எழுந்தார். "இந்த நாள்கள்ல மட்டும் குழந்தைகள் வென்டிலேட்டர்ல அதிகமாக் கிடந்திருக்கே, ஏன்?"

"அது வந்து... சீதோஷ்ணம்..." என்றபடி அடுத்த ஸ்லைடைப் போட்டார் யதுநந்தன்.

'துறைத்தலைவர் வெளியூரில் இருந்த நாள்கள்' என்று திரை சொன்னது. அடியில், கொட்டை எழுத்தில், முதல் ஆசிரியராக யதுநந்தன் பெயர்.

வேங்கடேசன்தான் முதலில் கை தட்டினார். "தன்னோட தப்பைத் தானே ஆராய்ஞ்சு, தன் பேரையே முதல்ல போட்டுண்டிருக்கார்! என்ன துணிச்சல் ஓய் உமக்கு!" கூட்டம் எழுந்து நின்று தட்டியது. யதுநந்தன் துணிச்சல்காரராகக் கைகூப்பினார்.

"அது சரி, இப்போ வார்டுல ஏதாவது குழந்தை உமக்காகக் காத்துண்டிருக்கா?" என்றார் வேங்கடேசன்.

வேறு வழியில்லை. வார்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மைக்கருகில் பிடித்து, கேமரா பக்கம் திரும்பி, கம்பீரமாகச் சொன்னார்: "அஷ்வினி, அந்தக் குழந்தைக்குக் குழாயை எடுத்துடலாம்."

"எடுத்தாச்சு சார். காலைல நீங்க போனை வெச்ச உடனேயே. நல்லா இருக்கா. குரல் மட்டும் கம்மியிருக்கு."

பின்னாலிருந்து அந்தக் கம்மிய குரல் ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது: "அம்மா, வூட்டுக்குப் போலாம்மா..."

பேட்டாவுக்குக் கீழே ஒரு முகம் சிவந்து, வெளுத்து, சமாளித்துக்கொண்டது. "பார்த்தேளா? இப்படி ஒரு டீமை உருவாக்கத்தான் இத்தனை வருஷம் பாடுபட்டேன்!"

மறுநாள் வார்டில் பழைய உத்தரவைக் கிழித்துவிட்டுப் புதியது ஒட்டினார்கள். 'யதுநந்தன் முறை: டியூட்டி டாக்டரே முடிவு செய்யலாம்.' அதை விளக்க இப்போது அவருக்கு ஊர் ஊராக அழைப்பு வருகிறது. அவர் இல்லாததால் எந்தக் குழந்தைக்கும் இனி நஷ்டமில்லை. அவருடைய டிக்கெட்டுகளை அஷ்வினியே சந்தோஷமாகப் பதிவு செய்கிறாள்.

பத்மாஸினிதான் இன்னொரு பீரோவுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறாள்.