பதினோராவது மனு

மூன்று நாள் விடுப்பில் இரண்டு நாள் போய்விட்டது. பொன்னியம்மாளின் நோட்டில் ஒன்றரைப் பக்கம்கூட நிரம்பவில்லை.

1981 ஆகஸ்டில் அவள் ஆரணியில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியை. சென்னையில் பகுதிநேர எம்.ஃபில். பதிவு செய்திருந்தாள். சேரிகளுக்குக் குடிதண்ணீர் எப்படி வந்தது என்பதுதான் ஆய்வு. பழைய கட்டுரை ஒன்றின் அடிக்குறிப்பில், ஆரணிப் பக்கத்துச் சேரிக் கிணறு, 1912, பல மனுக்கள் என்று ஒரு வரி இருந்தது. கூடவே அவள் ஊரின் பெயர். அதைப் பிடித்துக்கொண்டுதான் பல்கலைக்கழக நூலகத்துக்கு பஸ் ஏறினாள்.

களம்பூருக்குப் பக்கத்தில் இருந்த அவள் சேரியில் ஒரு கிணறு உண்டு. பெரிய வீட்டார் தருமமாக வெட்டிக் கொடுத்தது என்று ஊரே சொல்லும். மாட்டுப் பொங்கலன்று சேரி ஆட்கள் தாம்பாளத்தோடு பெரிய வீட்டு வாசலில் போய் நின்று கும்பிட்டுவிட்டு வருவார்கள். சின்ன வயதில் அப்பா எல்லப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் நின்றிருக்கிறாள். அந்த வீட்டு ராஜவேலுதான் இப்போது அவளுடைய பள்ளியின் தாளாளர். இந்த விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவரே.

நூலகத்தின் அட்டவணை அட்டைப் பெட்டிகளில் ஆரணி என்ற பெயரில் கிடைத்தது பட்டு நெசவாளர் சங்கத்தின் அறிக்கை ஒன்று மட்டும். வேறு தலைப்புகளில் எழுதிக் கொடுத்த சீட்டுகளும் பயன்படவில்லை. எதிர்பார்த்து வாங்கிய ஒவ்வொரு புத்தகத்திலும் வேறு ஜில்லா, வேறு கிணறு. உட்கார்ந்தால் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று எழுந்து அலமாரிகளுக்கு நடுவே நடந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனால் அரை மணி நேரம் போய்விடுமே என்று அதையும் விட்டாள். விடுப்பு முடிந்த மறுநாளே பத்தாம் வகுப்புக்குத் தேர்வு வைக்க வேண்டும். மூன்றாம் நாள் மாலை ஐந்து மணி பஸ்ஸை விட முடியாது.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு, அடுத்த மேஜைக்காரர் விரித்து வைத்திருந்த பழைய வரைபடம் அவள் கண்ணில் பட்டது. ஆற்காட்டுக்குக் கீழே ஆரணி இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்னீ' என்று போட்டிருந்தது. இங்கிலீஷ் எழுத்துகள் வெள்ளைக்காரன் வாயில் வந்தபடி இருந்தன. இரண்டு நாளாகத் தப்பான பெட்டியை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சரியான பெட்டியில் நான்கு அட்டைகள் இருந்தன. சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போன ஊழியர் தருமன் திரும்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவள் வாசலுக்கும் மேஜைக்குமாகப் பலமுறை நடந்துவிட்டாள். அவர் கொண்டுவந்த தடித்த அறிக்கைத் தொகுதியின் ஓரங்கள் தொட்டதும் உதிர்ந்தன.

"ஜெராக்ஸ் எல்லாம் இதுக்குத் தாங்காதுங்க. பென்சில்ல எழுதிக்கங்க" என்றார்.

இரண்டு மணிக்குப் பக்கம் கிடைத்தது. ஏழு வருஷத்தில் சேரி ஆட்கள் கொடுத்தது பதினோரு மனு. பெரிய வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் ஆட்சேபம் சொல்லியிருந்தார்: கிணறு கிடைத்துவிட்டால் இவர்கள் வேலைக்கு ஒழுங்காக வரமாட்டார்கள். பதினோராவது மனுவில்தான் சர்க்கார் புறம்போக்கில் இடம் ஒதுக்கியது. முப்பத்திரண்டு அடி ஆழத்துக்கு வெட்டியது சேரிக்காரர்களே. கைநாட்டு வைத்த பதினான்கு பேரின் பெயர்களும் இருந்தன. அதில் நான்கு பேர் பெண்கள்.

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது கோபம். பென்சில் முனை இரண்டு தரம் உடைந்தது. தருமனிடம் இன்னொன்று கேட்டு வாங்கினாள். கடைசி வரியை எழுதி முடித்தபோது ஐந்து மணி பஸ் போயிருந்தது. அடுத்த பஸ்ஸில் வந்தாள்.

காலையில் எல்லப்பன் ரைஸ் மில்லுக்குக் கிளம்பும் முன் பெயர்களைப் படித்துக் காட்டினாள். அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு, "இன்னொரு வாட்டி படி" என்றார். கேட்டு முடித்ததும் சைக்கிளை எடுத்தார்.

"இதெல்லாம் எழுதாத. அவங்க ஸ்கூல்ல வேலை செஞ்சிகினு இருக்கிற. பேஜார் வேணாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த அத்தியாயத்தை எழுதினாள், கிழித்தாள், ஊர்ப் பெயரை மறைத்து எழுதிப் பார்த்தாள். பெயரை மறைத்தால் அடிக்குறிப்பு போட முடியாது. அடிக்குறிப்பு இல்லையென்றால் யாரும் நம்ப வேண்டியதில்லை. நான்கு மாதம் இப்படியே போயிற்று. வகுப்பில் பாதிப் பாடத்தில் நின்று எங்கே விட்டோம் என்று பிள்ளைகளைக் கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. டிசம்பரில் டைப் செய்த பக்கங்களை எடுத்துக்கொண்டு தானே தாளாளர் அறைக்குப் போனாள். வேறு யார் வாயாலும் அவருக்குத் தெரியவர வேண்டாம் என்று நினைத்தாள்.

ராஜவேலு நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க தாத்தாவை இப்படி எழுதணுமாம்மா?"

"நான் எழுதலைங்க. அப்பவே எழுதி வெச்சிருக்காங்க. நான் பாத்து எழுதிகினு வந்தேன்."

"புஸ்தகத்துல இருக்கறது எல்லாம் நெசமா?"

"அவரு சொன்ன ஆட்சேபம் வார்த்தைக்கு வார்த்தை இருக்குதுங்க. பக்கம் நம்பரு கீழ போட்டிருக்கேன். நீங்களே போய்ப் பாக்கலாம்."

அவர் பக்கங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.  அவளுடைய அடுத்த விடுப்பு விண்ணப்பம் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. சம்பளமில்லா விடுப்பில் போனாள். மாட்டுப் பொங்கலன்று எல்லப்பன் கால் வலி என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். இன்னும் ஏழெட்டுப் பேருக்கும் அன்றைக்கு ஏதோ வலி.

1983இல் பட்டம் வந்தது. அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தொகுதியில் முழுதாக இருந்தது பதினோராவது மனு மட்டும். முந்தைய பத்தில் அவர்கள் என்ன கேட்டார்கள், எந்த வார்த்தையில் கேட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அடுத்த ஜூனில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்துகொண்டு, இரண்டு டஜன் பென்சில் வாங்கிக்கொண்டு, செய்யாறு வழியாகச் சென்னை போகும் காலை பஸ்ஸில் ஏறினாள்.