எடுக்காத அழைப்பு

மஹ்ஜூபின் குரல் நிமிடத்துக்கு முப்பது திர்ஹம். கசபிளாங்காவில், வீட்டுக்குள், அது சும்மாவே கிடைத்தது, கேட்கத்தான் ஆளில்லை. கடைக்குத் துணி எடுக்க அவன் இஸ்தான்புல்லுக்குப் பறந்ததும் விலை ஏறிவிடும்.

"ஒரு ரிங் விட்டு வெச்சிருவேன். வந்து சேந்துட்டேன்னு அர்த்தம். எடுத்துராத, கெல்தூம். நீ ஹலோன்னு இழுக்கறதுக்குள்ள ரெண்டு சட்டையோட லாபம் போயிரும்."

"நீங்க வாயத் திறந்தா கடையே போயிரும்," என்பாள் மனைவி.

பன்னிரண்டு வருஷம் ஏற்பாடு பிசகவில்லை. எடுத்தால்தானே காசு. அவசரம் என்றால் என்ன செய்வது என்பதை மட்டும் இருவரும் பேசிவைக்கவில்லை.

கடைசிப் பயணத்தில், பிற்பகல் அஸர் தொழுகை நேரம், ஃபோன் நிற்காமல் அடித்தது. மனுஷன் வைக்க மறந்துவிட்டான் என்று அவளே துண்டித்தாள். மறுபடி அடித்தது, துண்டித்தாள். ஏழு தடவை. மிச்சமான திர்ஹமை நினைத்துச் சிரிப்புகூட வந்தது. அந்நேரம் அவன் விடுதியின் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

உடலோடு அவன் ஃபோனும் வந்தது, சார்ஜ் தீர்ந்து. அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

நாற்பதாம் நாள், கூஸ்கூஸ் சாப்பிட்ட உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, அஸர் நேரத்தில் அவள் ஃபோன் அடித்தது. திரையில் மஹ்ஜூப். அலமாரியைத் திறந்து பார்த்தாள். அவன் ஃபோன் கறுத்துச் சில்லிட்டுக் கிடந்தது. கையிலிருந்தது விடாமல் அடித்தது. விரல் பழக்கதோஷத்தில் துண்டிக்கப் போயிற்று. அதை மடக்கிக்கொண்டு, எடுத்தாள்.

கடற்காக்கைகளின் கத்தல். டிராம் மணி. காதோடு ஒட்டினாற்போல், மூச்சு வாங்கும் சத்தம்.

"நான்தான். எடுத்துட்டேன். பேசுங்க, காசு போனாப் போவுது."

மூச்சு மட்டும்தான். அதனால் அவளே பேசினாள்: கடைச் சாவி கிடைத்தது, அடுத்த கடைக்காரன் அதே சட்டையைப் பத்துக் குறைத்து விற்கிறான். மூச்சு மெல்ல அடங்கியது. இணைப்பு அறுந்தது.

பிறகு ஒரே ஒரு ரிங்.

மறுநாள் அவன் இணைப்பை மூட ஃபோன் ஆபீசுக்குப் போனாள்.

"மூடறதா? நேத்துகூட இஸ்தான்புல்லேர்ந்து பேசியிருக்காரேம்மா. அவரையே வரச் சொல்லுங்க," என்ற கவுன்டர்க்காரன் அப்போதுதான் அவளுடைய விதவை வெள்ளையைப் பார்த்தான்.

"இனிமே பேச மாட்டாரு. எவ்வளவு?"

சீட்டை நீட்டினான். நான்கு நிமிடம், நூற்றிருபது திர்ஹம். எண்ணி வைத்தாள். துண்டித்த ஏழும் சீட்டில் இல்லை. அவை அவள் பெயரில், பாக்கி.