நாலு புள்ளி எட்டில் ஓடாத காளை

1

இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது என்று சொன்னால் எனக்குக் கௌரவமாக இருக்கும். உண்மையில் எரிச்சலில் பிறந்தது. மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் பால் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி நர்மதா, பதினைந்து வருஷம் முன்பு கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கல்யாணமாகி, இப்போது மாடு கறக்கிறாள். இன்னொருவன் அருள்குமார், செக்ரட்டரி அர்த்தநாரியின் அக்கா மகன். முடிவு செய்யும் கமிட்டியில் ஏழு பேர். ஏழாவது ஆள் நான். கதை எழுதுகிறவன் என்பதால் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

2

முதல் வரி இப்படி இருந்தது: ‘பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் மெல்ல...’

போதும். சூரியனுக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமில்லை.

அடுத்து: ‘நர்மதாவின் கண்களில் ஓர் ஏக்கம்...’ அதுவும் பொய். அவள் கண்ணில் இருந்தது கோபம்.

“நீ என்ன செஞ்சிருக்கறே, காட்டு அம்மிணி” என்று அர்த்தநாரி கேட்டிருந்தார். நர்மதா படிக்கும்போது தானே எழுதிய ரேக்ளா வண்டிப் பந்தயக் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பென்டிரைவில் கொண்டுவந்தாள். சங்கத்தின் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தாள். ஃப்ரேம்வொர்க் 3.5 வேண்டும் என்று திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது.*

(* விளையாட்டு ஓடுவதற்கு அடியில் இருக்கவேண்டிய மென்பொருள். அவள் படித்தபோது 3.5. புதுக் கம்ப்யூட்டரில் 4.8 இருக்கும், பழையதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மென்பொருள் செய்கிறவர்களுக்குப் பழசு என்றாலே இளக்காரம்.)

3

அர்த்தநாரியை நீங்கள் நம்புவீர்களா என்று சந்தேகமாக இருக்கிறது. இருபது வருஷமாகப் பாலில் கொழுப்பு அளக்கிறவர். உலகத்தில் எந்த எண்ணைக் கண்டாலும் அவருக்குக் கொழுப்புதான்.

“நாலு புள்ளி எட்டு இருக்கற பாலை மூணரை இல்லைன்னு எவனாச்சும் திருப்பி அனுப்புவானா?”

“இது பாலில்லீங்க. பெருசுக்குள்ள சிறுசு அடங்காதுங்க. மூணரையத் தனியா ஏத்தோணுங்க.”

“சும்மா காதுல பூச்சுத்தாத அம்மிணி.”

அருள்குமார் சிரித்தான். [இவனுக்கு ஒரு நல்ல குணம் கொடுக்க மூன்று பத்தி முயன்றேன். அகப்படவில்லை.]

அவள் பழையதை ஏற்றினாள். இணையம் தவழ்ந்தது. நாங்கள் டீ குடித்தோம். கடைசியில் விளையாட்டு திறந்தது. இரண்டு காளை, ஒரு வண்டி, பின்னால் தென்னை.

“பாருங்க” என்று பட்டனைத் தட்டினாள்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் காளைகள் எல்லைக்கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்றன.

அவள் தப்பையும் சொல்லிவிட வேண்டும். காளையின் வேகத்தைத் தன் பழைய, மந்தமான கம்ப்யூட்டரை வைத்து அளந்து எழுதியிருந்தாள். புதுசு அதைப் பிய்த்துக்கொண்டு ஓடவிட்டது.

“ஓடுச்சா?” என்றார் அர்த்தநாரி.

“ஓடிருச்சுங்க.”

“நான் பாக்கலையே.”

“ஒரு எடத்துல மாத்துனா வேகம் செரியாயிருமுங்க. பத்து நிமிசம் குடுங்க.”

“பால் வண்டி வந்துருச்சு அம்மிணி. போதும்.”

வண்டி வரவில்லை. ஏழு பேருக்கும் அது தெரியும்.

அவள் பென்டிரைவைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். “ஏனுங்க, நீங்க பாத்தீங்கல்ல?”

நான் டீ டம்ளரைப் பார்த்தேன்.

4

முடிவு ஒன்று: பத்து நிமிஷம் கிடைக்கிறது, காளை அழகாக ஓடுகிறது, அர்த்தநாரி கைதட்டுகிறார். அடித்துவிட்டேன். பேரனின் பள்ளி ஆண்டுவிழாவிலேயே கைதட்டாத மனிதர்.

முடிவு இரண்டு: நர்மதா அனல் பறக்க ஒரு வசனம் பேசிவிட்டு... பேசமாட்டாள். நாளைக் காலையிலும் இங்கேதான் பால் ஊற்ற வேண்டும்.

முடிவு மூன்று: கமிட்டியிலிருந்த எழுத்தாளர் எழுந்து, “வண்டி இன்னும் வரலீங்களே” என்று

இந்த வாக்கியத்தை முடிக்க முடியாமல் நான்கு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். தூ!

5

வருகிற புதன்கிழமை கை தூக்கி ஓட்டு. மூன்று பேர் அருள்குமாருக்கு, மூன்று பேர் நர்மதாவுக்கு என்று பேச்சு. என்னிடமும் இரண்டு மாடு இருக்கிறது. பாலுக்கு விலை கொழுப்பை வைத்துத்தான், அதை அளப்பது அர்த்தநாரி. அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன். வாசகருக்கு நான் மதிப்புக் கொடுப்பதாக யாராவது விமர்சகர் எழுதுவார். நம்பாதீர்கள், இது பயம்.

உங்களிடம் மாடு இல்லை. காளை ஓடியதை நீங்களும் பார்த்தீர்கள். கையைத் தூக்குங்கள்.