பாலேந்திராவைச் சைக்கிளில் ஏற்றினேன்

பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் 1994ஆம் ஆண்டு எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் விளையாட்டுப் போட்டிக்கு ஒருவரும் காரில் வரக்கூடாது, சைக்கிளிலோ பஸ்ஸிலோதான் வரவேண்டும் என்ற விதி வந்தது என்னால்தான். சூழலில் எவ்வளவு அக்கறை இவளுக்கு என்று புகழ்ந்தார்கள். அக்கறையாவது, சர்க்கரையாவது! சங்கத் தலைவர் பாலேந்திராவைச் சனத்தின் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

காரணம் இருக்கிறது. அதற்கு முதல் வருடம், ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறியிருந்த நோர்பரியில் ஒரு பூங்காவில் நடந்த போட்டிக்கு முந்நூறு பேருக்குச் சாப்பாடு என் பொறுப்பு. குப்பைப் பைகளும் அள்ளுவதற்கு ஆட்களும் அவருடைய பொறுப்பு. "தங்கச்சி, நீங்கள் சோத்தைப் பாருங்கோ, குப்பையை நான் பாக்கிறன்" என்றார். பரிசளிப்பு முடிந்ததும் பிரதம விருந்தினரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. பைகளும் வரவில்லை. காற்றடித்து, சாப்பிட்டுப் போட்ட, தெர்மாகோல் போன்ற வெள்ளை றெஜிபோம் தட்டுகள் மைதானம் முழுக்கப் பறந்தன. நானும் என் கணவர் குகதாசனும் ஓடியோடிப் பொறுக்கினோம். பாதிகூட முடியவில்லை.

பூங்காவுக்குப் பொறுப்பான உள்ளூர்க் கவுன்சில் விளக்கம் கேட்டது. குப்பைக்கு முழுப் பொறுப்பு சாப்பாட்டைக் கவனித்த திருமதி செல்வமலர் குகதாசன், அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டோம் என்று பாலேந்திரா பதில் எழுதினார். அதோடு நிற்கவில்லை. அந்தக் கடிதத்தின் பிரதியைச் சங்கத்தில் எல்லோருக்கும் தபாலில் அனுப்பினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கோயில் அன்னதானச் சமையலில் பத்து வருடமாக என் கையில் இருந்த அகப்பையை வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் 'குப்பைமலர்' என்று பெயரும் வைத்தார்கள். என் பெயரை நாறடித்த அதே வாயால், அதே சனத்தின் முன்னால், அதைக் கழுவ வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

பாலேந்திராவுக்கு இரண்டு பெற்றோல் நிலையங்கள் இருந்தன. தெருமுனைக் கடையில் பால் வாங்கவும் காரில் போகிற மனிதர். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். எனக்குச் சைக்கிள் அகப்பட்டது.

கவுன்சிலில் பூங்காக்களைக் கவனிக்கிற டொலறஸிடம் போனேன். மைதானத்தைத் திரும்பத் தர அவள் தயங்கினாள். நிபந்தனைகளை நானே எழுதிக் கொடுத்தேன். கார் கூடாது. எறிகிற தட்டு கூடாது, ஆளாளுக்கு வீட்டிலிருந்து எவர்சில்வர் தட்டுக் கொண்டுவர வேண்டும். மாலை ஐந்து மணிக்கு அவளே வந்து பார்க்க வேண்டும். குப்பை இருந்தால் சங்கத்துக்குத் தடையில்லை, பொறுப்பாளராகப் பெயர் கொடுத்தவர் மட்டும் அதன்பின் எந்தப் பூங்காவிலும் எதையும் நடத்த முடியாது. டொலறஸ் எழுந்து என் கையைக் குலுக்கினாள்.

சங்கப் பொதுக்கூட்டத்தில் பாலேந்திரா துள்ளினார். "காரில்லாமல் என்னெண்டு வாறது? விசர்க் கதை!"

நான் எழுந்தேன். "ஊரிலை எங்கடை சனம் பொருளாதாரத் தடையாலை பெற்றோல் இல்லாமல் நாலு வருஷமாச் சைக்கிள் உழக்குது. எங்களுக்கு ஒரு நாள் ஏலாதோ, அண்ணை?"

மண்டபமே கைதட்டியது. தலைவர் என்ற முறையில் பொறுப்பாளர் படிவத்திலும் அவரே கையெழுத்து வைத்தார்.

போட்டியன்று வெள்ளைக் காற்சட்டையில் செயின் எண்ணெய் அப்பியிருக்க, வியர்த்து வழிந்து சைக்கிளில் வந்து இறங்கினார். எனக்கு வயிறு குளிர்ந்தது. மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி ஒன்று உண்டு. கால் நிலத்தில் படாமல் கடைசியாக வருபவருக்குத்தான் முதற்பரிசு. சனம் அவரையும் அதற்குள் தள்ளிவிட்டது. பத்தடி போகமுதல் தொப்பென்று விழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள். பாழாய்ப்போன மனிதர், புல்லில் கிடந்தபடி தானும் சேர்ந்து சிரித்தார். பிள்ளைகள் ஓடிப்போய்த் தூக்கிவிட்டார்கள். அதன்பிறகு எல்லோரும் அவரோடு தோளில் கைபோட்டுக் கதைத்தார்கள்.

நாலரை மணிக்கு மைதானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இப்படியே முடிந்தால் அவர் நல்லவராகிவிடுவார், நான் குப்பைமலராகவே இருப்பேன். முந்தைய வருடம் மிஞ்சிய றெஜிபோம் தட்டுகளை ஒரு பையில் போட்டுச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்திருந்தேன். எல்லோரும் கயிறிழுத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உடைமாற்றும் அறைக்குப் பின்னால் போய்ப் பருப்புக்கறி பூசிக் கொட்டினேன். வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. அவர் மறுபடியும் என்னைத்தான் காட்டுவார். ஆனால் இம்முறை எல்லோர் கையிலும் எவர்சில்வர் தட்டு. இது சாப்பாட்டுக் குப்பை என்ற அவர் பொய்யை ஒருவரும் நம்பப்போவதில்லை, பழைய கடிதமும் பொய்யென்று தெரிந்துவிடும். அதுதான் நான் வைத்த பொறி.

ஐந்து மணிக்கு டொலறஸ் வந்தாள். கண்டுபிடித்தாள். பாலேந்திராவைக் கூப்பிட்டு இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டாள். சனம் கூடிவிட்டது. நான் முன்வரிசையில் நின்றேன்.

அவர் ஒரு தட்டைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியை எடுத்துவரச் சொன்னார்.

"இது என்ரை பொறுப்பு," என்றார். "செல்வமலர் தங்கச்சியிலை ஒரு பிழையும் இல்லை. போன வருஷமும் இருக்கேல்லை. குப்பைப் பை கொண்டுவராமல் விட்டது நான். அந்தக் கடிதத்திலை நான் எழுதினது பொய். எல்லாரும் என்னை மன்னிக்கவேணும்."

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்தார். ஒரு வருடமாக நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது கிடைத்துவிட்டது. பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அவர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "உங்கடை சைக்கிள் கரியரிலை இந்தத் தட்டெல்லாம் வந்ததை நான் கண்டனான். பயப்பிடாதேங்கோ தங்கச்சி, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை எரிந்தது. அப்படியென்றால் இனி என் நல்ல பெயர் இந்த மனிதர் போட்ட பிச்சை. கோயிலில் கண்டாலும் கடையில் கண்டாலும் இதே சிரிப்பைச் சிரிப்பார், நானும் சாகும்வரை பதிலுக்குப் பல்லைக் காட்ட வேண்டும். ஒலிவாங்கியைப் பறித்தேன்.

"இந்தத் தட்டெல்லாத்தையும் கொட்டினது நான்தான். இவரைப் பழிவாங்கக் கொட்டினனான். இவர் கண்டவர். கண்டும் தன்ரை பொறுப்பு எண்டு உங்களுக்குப் பொய் சொல்லுறார்!"

உண்மை பேச வேண்டும் என்பதற்காகப் பேசவில்லை. அந்தக் கைதட்டு அவருக்கு மிஞ்சக்கூடாது என்றுதான் பேசினேன். குகதாசன் தலையில் கைவைத்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

தமிழ் தெரியாத டொலறஸ், நான் என்ன சொன்னேன் என்று கேட்டாள். பாலேந்திரா முந்திக்கொண்டார். நான் தனக்கு நன்றி சொல்கிறேனாம்.

டொலறஸின் கையிலிருந்த படிவத்தை வாங்கினேன். பொறுப்பாளர் என்ற இடத்திலிருந்த அவர் பெயரை வெட்டிவிட்டு என் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஏன் என்று ஆங்கிலத்திலும் சொன்னேன். பிறகு வெறும் பையை எடுத்துக்கொண்டு போய்த் தட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

பாலேந்திராவும் வந்து பக்கத்தில் குனிந்து ஒரு தட்டில் கைவைத்தார்.

"விடுங்கோ அண்ணை," என்றேன். "அது என்ரை குப்பை."