டீச்சர் வீட்டு மேடை

கரையான் அரித்த அலமாரி ஒருநாள் காலையில் தானாகவே கீழே உட்கார்ந்துவிட்டது. விழுந்தது என்று சொன்னால் அபாண்டம். முழங்கால் வலிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவதுபோல நிதானமாகச் சரிந்து, உப்பையும் சர்க்கரையையும் மிளகாய்த்தூளையும் ஒரே குவியலாக்கிவிட்டு ஓய்ந்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நர்ஸம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"போச்சுடா," என்றார் அவள் கணவர், வாயில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்து.

அவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் எல்லோரும் அவரை ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். மேல்தட்டில் இருக்கும் காகிதக் கட்டை எடுக்க மற்றவர்களுக்கு ஸ்டூல் வேண்டும். அவருக்குக் கை போதும். நர்ஸம்மா அவருடைய நெஞ்சுயரம் வருவாள், அதுவும் செருப்புப் போட்டால்.

அலமாரியோடு போயிருந்தால் பரவாயில்லை. தட்டிப் பார்த்தபோது சிங்குக்குக் கீழே இருந்த பலகைகளும் உளுத்திருந்தன. அடுப்பு இருந்த தாழ்ந்த மேடையிலும் ஒரு விரிசல். மகளின் கல்யாணக் கடனே இன்னும் கழுத்தில் கிடந்தது. இருந்தாலும் ஆசை யாரை விட்டது? ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கடைக்குப் போய், கண்ணாடி மாதிரி மின்னிய ஒரு சமையலறைக்கு விலை கேட்டார்கள். கடைக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு ஏணி, "வீட்டையும் சேர்த்தா சொல்றீங்க?" என்றார். கடைக்காரர் சிரிக்கவில்லை.

வழி காட்டியது நர்ஸம்மாவின் தம்பி. சரக்கு வண்டி ஓட்டுகிறவன். ஊரில் யார் வீடு மாறினாலும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

"அக்கா, ஒரு டீச்சரம்மா வீட்டைக் காலி பண்றாங்க. கிச்சன் செட்டை யாராவது கழட்டிட்டுப் போனா போதும்ங்கறாங்க. பழசுதான். ஆனா மரம் ஒவ்வொண்ணும் இரும்பு."

டீச்சரம்மா பள்ளிக்கூடத்தில் பாடத்தோடு விளையாட்டும் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்தபோது நர்ஸம்மா அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. வயது எழுபதைத் தாண்டியும் முதுகு கூன் போடாத, கம்பீரமான உயரம். கழுத்தில் ஒரு விசில் தொங்காததுதான் குறை.

அலமாரிகள் வெளிறிய பச்சை நிறம். கைப்பிடிகள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. நர்ஸம்மா ஒரு டிராயரை இழுத்தாள். ஏலக்காயும் பழைய காகிதமும் கலந்த வாசனை வந்தது.

"அது சும்மா இழுத்தா வராதும்மா. கொஞ்சம் தூக்கி இழுக்கணும்," என்றார் டீச்சர். "மூலையில இருக்கிற கதவு மழைக்காலத்துல அடம் பிடிக்கும். இடுப்பால ஒரு இடி இடி, சரியாயிடும்."

ஏணியும் தம்பியும் ஸ்க்ரூக்களைக் கழற்றத் தொடங்கினார்கள். டீச்சர் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு நடுவர் மாதிரி உட்கார்ந்தார். ஒவ்வொரு பெட்டி சுவரை விட்டு விலகும்போதும் அதற்கொரு கதை இருந்தது. இந்தத் தட்டில்தான் மகன் பூனைக்குட்டியை ஒளித்து வைத்திருந்தான்; அது மாவு டப்பாவுக்குள் விழுந்து வெள்ளையாக வெளியே வந்தது. இந்த மேடையில் சாய்ந்தபடிதான் அவர் பரீட்சைத் தாள் திருத்துவார்; ஒரு தடவை பால் பொங்கி வழிந்து, ஒரு வகுப்பு முழுவதும் பாஸாகிவிட்டது.

"எப்படி டீச்சர்?" என்றான் தம்பி.

"மார்க் எல்லாம் அழிஞ்சு போச்சே! யாரு என்ன எடுத்தான்னு நான் கண்டேனா? எல்லாரும் பாஸுன்னு போட்டுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசிப் பெட்டி நகர்ந்தது. சுவரில் பழைய சுண்ணாம்பு ஒரு கட்டமாக, புதுசுபோல வெளுப்பாகத் தெரிந்தது. டீச்சரின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய் அந்த வெளுப்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

"சரி, எடுத்துட்டுப் போங்க," என்றார். "இனிமே மகன் வீட்டோட. அங்க எல்லாம் இருக்கு. மருமக நல்ல பொண்ணுதான். என்ன, தண்ணி எடுக்கக்கூட யாரையாவது கேட்கணும் போல இருக்கும்."

நர்ஸம்மா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பழைய மேடையை இடித்துவிட்டு வீட்டில் இதைப் பொருத்துவதற்குள் படாத பாடு பட்டார்கள். ஒரு பெட்டி ஜன்னலை மறைத்தது. அதைத் தூக்கி எதிர்ச்சுவருக்கு மாற்றினால் கதவு திறக்கவில்லை. தம்பி ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, பெட்டி நேராத்தான் இருக்கு, உங்க வீடுதான் கோணல்," என்றான். ஏணி அடியில் சின்னச் சின்ன ஆப்பு செருகிச் சரிசெய்தார். மூன்றாம் நாள் மாலை எல்லாம் நின்றது. பச்சை அலமாரிகளைப் பார்க்க நர்ஸம்மாவுக்கு மனசு நிறைந்தது.

அடுப்பின் முன்னால் போய் நின்ற பிறகுதான் விஷயம் புரிந்தது. மேடை அவள் மார்பளவு வந்தது. சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எக்க வேண்டியிருந்தது.

தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, மிட்டாய்க் கடை முன்னாடி நிக்கிற பாப்பா மாதிரி இருக்கே!"

"அடி வாங்கப்போற. அந்தம்மா உயரத்துக்குச் செஞ்சதுடா இது. இப்ப என்ன பண்றது?"

"கீழ அடிக்கட்டை இருக்குல்ல, அதை அறுத்துட்டா இறங்கிடும். ஞாயித்துக்கிழமை ரம்பத்தோட வர்றேன். அதுவரைக்கும் ஸ்டூல் போட்டு ஏறிக்க."

சனிக்கிழமை அவளுக்குப் பகல் டூட்டி. வார்டில் கூட்டம்; இடுப்பு ஒடிந்தது. ஸ்டூலில் ஏறிச் சமைக்க வேண்டுமே என்ற சலிப்போடு மாலையில் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து என்று நினைத்தாள்.

உள்ளே ஏணி அடுப்பின் முன் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு. உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அவர் குனியவில்லை, நிமிர்ந்து நின்றுதான் கிளறினார். கரண்டியைச் சட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அந்தத் தட்டல் சத்தம்தான் அவளை எங்கேயோ கொண்டுபோனது.

கல்யாணமான புதிதில் ஒரு மொட்டைமாடி அறையில் குடியிருந்தார்கள். ஒரே அறை. முன்னால் இருந்தவர் விட்டுப்போன உயரமான இரும்பு மேசைதான் அவர்களுடைய சமையலறை. அதன்மேல் ஒற்றைத் திரி அடுப்பு. அவள் அப்போது பயிற்சி நர்ஸ். கண்ட நேரத்தில் வேலை. படியேறி வரும்போதே இந்த இரண்டு தட்டல் கேட்கும். தட்டில் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, "எப்படி?" என்று கேட்பார். உப்பே இல்லாவிட்டாலும் அமிர்தம் என்பாள். மழை பெய்தால் கூரை ஒழுகும். ஒழுகாத இடத்தில் அடுப்பு, ஒழுகும் இடத்தில் இவர்கள். அந்த நாட்களில் காசும் இல்லை, கவலையும் இல்லை.

பிறகு இந்த வீட்டுக்கு வந்தார்கள். மகள் பிறந்தாள். எப்போது என்று தெரியாமலே அவர் சமையலறைப் பக்கம் வருவது நின்றது. நர்ஸம்மா கேட்கவில்லை. ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்று ஊரே சொல்கிறதே, நம் வீடு மட்டும் விதிவிலக்கா என்று விட்டுவிட்டாள். விட்டுவிட்டாளே தவிர, நெஞ்சின் ஓரத்தில் அது முள்ளாக இருந்தது.

"என்ன, அப்படியே நின்னுட்ட? கை கால் கழுவிட்டு வா," என்றார் ஏணி.

"இத்தனை வருஷமா ஏன் இந்தப் பக்கமே வரல?"

அவர் தீயைக் குறைத்தார். "பழைய மேடை என் தொடைக்குத்தானே வரும்? பத்து நிமிஷம் குனிஞ்சு நின்னா மறுநாள் மெஷின்கிட்ட நிக்க முடியாது. முதுகு பிடிச்சுக்கும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்ல? நீ நாள் பூரா நடந்து களைச்சுப்போய் வர்ற. எனக்கு முதுகு வலிக்குதுன்னு சொன்னா சாக்கு மாதிரி இருக்காது? கேட்காமலே விட்டுட்டியே, உனக்கும் என் சமையல் அலுத்துப் போச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"நல்லா நினைச்சீங்க!" என்றாள். கோபமாகச் சொல்லத்தான் தொடங்கினாள். குரல் பாதியில் உடைந்துவிட்டது. அவர் பதறிப்போய், "ஏய், வெங்காயம் நான்தானே உரிச்சேன், நீ ஏன் அழற?" என்றார்.

மறுநாள் காலை தம்பி ரம்பத்தோடு வந்து நின்றான். "தள்ளுங்க, நாலு பக்கமும் அறுத்துடறேன்."

"அடுப்புப் பக்கம் கை வைக்காதே," என்றாள் நர்ஸம்மா. "சிங்குப் பக்கம் மட்டும் அறு. என் உயரத்துக்கு."

"ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளமா? பார்க்கிறவங்க இது கிச்சனா படிக்கட்டான்னு கேட்பாங்கக்கா!"

"கேட்கட்டும். அவங்களா வந்து சமைக்கப் போறாங்க?"

தம்பி மாமாவைப் பார்த்தான். மாமா மிக மும்முரமாக ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தார். முகம் மட்டும் சிரித்தது. முணுமுணுத்துக்கொண்டே தம்பி பாதியை அறுத்தான். மதியத்துக்குள் சிங்குப் பக்கம் இறங்கியது. இரண்டு மேடைகளுக்கும் நடுவில் ஒரு சாண் உயரத்தில் ஒரு படி நின்றது. அதன் வெட்டுவாயை உப்புக் காகிதத்தால் தேய்த்து, தம்பியின் வண்டியில் கிடந்த டப்பாவில் மிச்சமிருந்த பச்சைப் பெயின்ட்டைப் பூசினார்கள். நிறம் ஒட்டவில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் கீழ் மேடையில் நர்ஸம்மா காய் நறுக்க, மேல் மேடையில் ஏணி முட்டை பொரித்தார். பேசிக்கொண்டே வேலை நடந்தது. வார்டில் வந்த கிழவரின் குறும்பு, அச்சகத்தில் தலைகீழாக அச்சான ஒரு கல்யாணப் பத்திரிகை. தம்பி மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, "மாமா, காரம் கொஞ்சம் தூக்கல்," என்று நாக்கை நீட்டினான்.

"தூக்கல்தான்," என்றாள் நர்ஸம்மா, தன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டே.