நூற்றொன்றாம் நாளில் ஜெயம்மாள்

1

இந்தக் கதை ஒரு போண்டாவிலிருந்து பிறந்தது. பெரிய எழுத்தாளர்களுக்குக் கதை கனவில் வருமாம். எங்கள் கல்லூரி கேன்டீனில் மேசையே நான்குதான், கனவுக்கெல்லாம் இடம் ஒதுக்க மாட்டார்கள்.

ஜெனிலா கணியம்பாடிக்காரி. எட்டாம் வகுப்பிலிருந்து ‘அடிவாரப் படை’ என்ற படக்கதையை வரைந்து வருகிறாள். நான் குணசீலன், ஜமுனாமரத்தூர். இரண்டு வருடமாக ‘மலைப்படை’ வரைகிறேன். இரண்டுமே ஜெராக்ஸ் பிரதிகளாக விடுதியில் சுற்றும். மொத்த வாசகர் நாற்பது பேர். போண்டாவைக் கடித்தபடி நான்தான் சொன்னேன்:

“ரெண்டு படையையும் மோத விடலாம். தோக்குற படையோட கதை அதோட முடிஞ்சிது. நிரந்தரமா.”

[நிரந்தரம் என்ற சொல்லை வாயில் போண்டாவோடு உச்சரிக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது.]

“கடைசில எல்லாரும் கை குலுக்கிக்கினு போனாங்கன்னா நோட்டைக் கிழிச்சிடுவேன்,” என்றாள் ஜெனிலா. “ஒண்ணு நிக்கணும், ஒண்ணு போவணும்.”

2

நல்லவர்கள் நல்லவர்களோடு மோதும் கதைகளுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. நடுவில் ஒரு தவறான புரிதல் வேண்டும். ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடும் விஷயத்துக்காக ஆறு இதழ் முழுக்கக் கட்டடங்களை இடிப்பார்கள். பறக்கத் தெரிந்தவர்கள், சுவருக்குள் புகத் தெரிந்தவர்கள், யாரிடமும் செல்போன் மட்டும் இருக்காது. இதைக் கிண்டலடித்து மூன்று பக்கம் எழுதியிருந்தேன். நீக்கிவிட்டேன். எங்கள் கதை மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் நடக்கிறது. அங்கே எத்தனையோ வளைவுகளில் டவர் எடுக்காது. ஆக, தர்க்கப் பிழையே இல்லாத மோதல் கதை எங்களுடையது ஒன்றுதான்.

ஆனால் உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? இரண்டு கூட்டங்கள் ஒன்றை நோக்கி ஒன்று ஓடிவரும் அந்த ஒரு படத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் மூச்சு நின்றுவிடுகிறது. கெட்டவனே இல்லாத சண்டை. யார் விழுந்தாலும் நம் ஆள் விழுகிறான்.

3

என் படையில் மூன்று பேர். உடம்பெல்லாம் முள்தோல் கொண்ட பலாராசன். தேனீக்களை ஏவும் நீலாவதி. ஆயிரம் சாமை மணிகளாகச் சிதறி மீண்டும் ஒன்றுகூடும் சாமைச்சித்தன்.

அவள் படையில் ரயில்வே கேட்டு கோபால்சாமி கையைத் தூக்கினால் ரயிலும் நிற்கும். ஆனால் படையின் தலைவி நூறுநாள் ஜெயம்மாள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் சும்மாடு. ஏரியையே கூடையில் அள்ளுவாள். ஒரே நிபந்தனை, வருடத்துக்கு நூறு நாள்தான் சக்தி. மீதி நாட்களில் அவள் வெறும் மனுஷி.*

* ஜெனிலாவின் அம்மா ரோசி நூறுநாள் வேலைக்குப் போகிறவர். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்து என்ன செய்தேன் என்பதுதான் கதை.

4

பரீட்சை விடுமுறையில் நான் மலைமேல், அவள் அடிவாரத்தில். ஒரு நீள நோட்டு. ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான். மையால் மட்டும்தான் வரைய வேண்டும். எதிராளி வரைந்ததை அழிக்கக் கூடாது, நடந்தது நடந்ததுதான். நோட்டு மலைப் பஸ்ஸில் ஏறி இறங்கும். டிரைவர் பழனியண்ணன் அதைத் தன் சீட்டுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் பையில் போட்டுக் கொண்டுபோவார். போட்டுக்கொண்டு மட்டும் போவதில்லை.

“இன்னாடா, உன் பலாக்காவுக்குக் கை குட்டையா கீது?”

“தூரத்துல நிக்கிறாண்ணே.”

“கால் கிட்டத்துலயா நிக்குது?”

விமர்சகர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள்.

5

இருபத்தொன்றாம் பக்கம் வரை நான் தோற்றுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவளுடைய பழைய இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜெயம்மாள் சக்தியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் அவள் சட்டைக் கையில் ஒரு சின்ன எண் இருக்கும். ஜெனிலா ஒரு தடவைகூட அதை மறந்ததில்லை. இந்த வருடக் கணக்கை எண்ணினேன். சரியாக நூறு.

இருபத்திரண்டாம் பக்கத்தில், என் வாழ்நாளின் மிகப் புத்திசாலித்தனமான வரியை மையால் எழுதினேன்: ‘மறுநாள். நூற்றொன்றாம் நாள்.’ அடுத்த கட்டத்தில் பலாராசன் ஜெயம்மாளை அடித்தான். அவள் விழுந்தாள். என் வெற்றி அற்புதமான

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.)

6

மறுநாள் போன் வந்தது.

“நல்லா எண்ணியிருக்க.”

“தேங்க்ஸ்.”

“திட்டினு இருக்கேன்டா.”

“புரியுது.”

“ரூல்ஸ்படி கரெக்ட்டு. மாத்தச் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நூறு நாள் முடிஞ்சா எங்கம்மா வூட்ல சும்மா குந்திக்கினா கீறாங்க?”

லைன் போய்விட்டது. டவர்மீது பழிபோட ஆசைதான். நான் மொட்டைமாடியில் நின்றிருந்தேன், நாலு கோடும் இருந்தது.

7

இருபத்துமூன்றாம் பக்கம் இன்று காலை வந்தது. பழனியண்ணன் நோட்டைக் கையில் கொடுத்தார். கைநீளம் பற்றிய விமர்சனத்தை விட்டுவிட்டு வண்டியின் டயரைப் பார்க்கப் போய்விட்டார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

பக்கம் முழுக்க ஒரே படம். பலாராசன் அடித்த அதிர்ச்சியில் மலைமேலிருந்த பாறை பெயர்ந்து, அவன் தலைக்கே உருண்டு வருகிறது. நீலாவதியும் சாமைச்சித்தனும் அவன் பக்கத்தில். மூவருக்கும் பாறைக்கும் நடுவில், குனிந்த முதுகிலும் இரண்டு கையிலும் அதைத் தாங்கியபடி ஜெயம்மாள். சட்டைக் கையில் எண் இல்லை. கட்டைவிரலில் அறுப்புக்குப் போகிறவர்கள் கட்டும் துணிச்சுற்று. நெற்றியில் என் ஆள் அடித்த காயம். சும்மாடு நசுங்கியிருக்கிறது.

ஜெயம்மாளின் கண்களில் தெரிந்தது —

ஜெயம்மாள் கண்களை உயர்த்தி —

(இரண்டும் பொய். அவள் முகம் தரையைப் பார்த்திருக்கிறது. கண் தெரியாது.)

ஒளிவட்டம் இல்லை, மின்னல் இல்லை. பாறையின் எடையை ஜெனிலா அவள் கால்விரல்களில் வரைந்திருக்கிறாள். அவை மண்ணைக் கவ்வியிருக்கின்றன. நான் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ ஆறியது. இன்னொரு டீ சொன்னேன், அதுவும் ஆறியது. பலாராசனின் கையைப் பார்த்தேன். அவள் வரைந்ததில் அது சரியான நீளத்தில் இருந்தது. இரண்டு வருடத்தில் அவன் முகத்தில் பயம் என்ற ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

போன் போட்டேன். “சக்தி இல்லாம எப்படித் தாங்குறா?”

“தெரில,” என்றாள். “வரைஞ்சி முடிச்சப்புறம் பாத்தேன். தாங்கிக்கினு இருந்தா.”

8

இருபத்துநான்கு கடைசிப் பக்கம். என் முறை. ரஃப் தாளில் முயன்றவை:

அ) பாறை ஜெயம்மாளை நசுக்குகிறது, மலைப்படைக்கு வெற்றி. வரைந்து பார்த்தேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். பிறகு எடுத்துக் கிழித்தேன்.

ஆ) அவள் கையை எடுத்துவிடுகிறாள், மலைப்படை காலி. அவள் எடுக்க மாட்டாள். கதாசிரியன் சொன்னாலும் எடுக்க மாட்டாள்.

இ) மூவரும் சேர்ந்து பாறையைத் தூக்குகிறார்கள், சமாதானம். நோட்டு கிழியும். கிழிப்பவள் சும்மா சொல்பவள் இல்லை.

ஈ) பலாராசன் ‘நாங்கள் தோற்றோம்’ என்கிறான். இதைப் போனில் சொன்னேன்.

“எதுக்குத் தோக்குற?” என்றாள். “பாவம்னா?”

“இல்ல...”

“பாவம் பாத்துத் தோத்தா என் மூஞ்சில முழிக்காத. ஜெயிச்சது நான்னு எனக்குத் தெரியணும்.”

பாவம் இல்லை, பிரமிப்பு என்று சொல்ல வந்தேன். சொன்னால் நம்புவாளா? இன்னொன்றும் உண்டு. கல்லூரியின் முதல் மாதத்தில் என்னோடு பேச ஆள் இல்லாதபோது வரைந்தவன் பலாராசன். அவனை நிரந்தரமாக மூட எனக்குக் கை வரவில்லை. அவளுக்கோ ஜெயம்மாள் ஏழு வருடத் துணை.

9

முடிவில்லாமல் விடுவதுதான் நவீனம் என்று பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆகவே ஆறு கட்டங்களுக்கும் கோடு போட்டு, உள்ளே எதுவும் வரையாமல், நோட்டைப் பையில் போட்டுவிட்டேன். நடுவில் என் பேனாவும் இருக்கிறது.

பழனியண்ணன் ஹாரன் அடித்துவிட்டார். அவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். கணியம்பாடி வரும்வரை நோட்டு யாருடையதும் இல்லை. மலைப்படையை நிற்க வையுங்கள், இல்லை அடிவாரப் படையை நிற்க வையுங்கள். எங்கள் இருவருக்கும் எட்டாத நியாயம் உங்களுக்கு எட்டலாம். வளைவுகளில் வண்டி குலுங்கும், கோடு கோணலாகும், பரவாயில்லை.

ஆனால் என்னைப் போல வெறும் கட்டத்தைப் பார்த்து வியந்துகொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். நவீனம் என்று நான் காலியாக விட்ட ஒவ்வொரு நிமிடமும், முந்தின பக்கத்தில் அந்தப் பெண் பாறையை இறக்கி வைக்க முடியாமல் நிற்கிறாள்.